கேமரா இருக்கட்டும், முதலில் அப்பா பழகட்டும்

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு நாலரை வயது, சின்னவளுக்கு ஒன்றே கால் வயது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. சின்னவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது போனவர், ஜனவரி 9ஆம் தேதி வந்து 24ஆம் தேதி திரும்புகிறார். மாமனார், மாமியாரோடு சேர்ந்து எடுத்த ஒரு நல்ல குடும்பப் படம்கூட எங்களிடம் இல்லை. அவர் வந்ததும் முடித்துவிட்டால் நிம்மதி என்று, 11ஆம் தேதி காலை 11 மணிக்குத் திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் சொல்லி அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம். போன வருஷம் பெரியவனின் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவுக்குப் போனபோது, உள்ளே நுழைந்ததிலிருந்து அழுகை. 40 நிமிஷம் போராடி, வீங்கின கண்ணோடு ஒரே ஒரு படம் கிடைத்தது. அதனால் இப்போது தினமும் சாயங்காலம் கண்ணாடி முன்னால் நிறுத்தி 'சிரி' என்று பழக்குகிறேன். பல்லை மட்டும் காட்டுகிறான். சின்னவள் பத்தரை மணிக்கு ஒரு தூக்கம் போடுவாள், அன்றைக்கு மட்டும் தூங்கவிடாமல் வைத்துக்கொள்ளலாமா? 20ஆம் தேதி குலதெய்வம் கோயிலில் அவளுக்கு மொட்டை, காதுகுத்து. மாமனார் வீடு லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். ஸ்டுடியோவா, முக்கொம்பா, ஊர் வீடா? எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை எடுக்கலாமா? பிள்ளைகளை எப்படித் தயார்செய்வது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டு 11ஆம் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கல் நேரம் என்பதால் அந்த இடத்துக்கு அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அட்வான்ஸில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்றுதான் சொல்வேன்.

கடிதம் முழுக்கப் பெரியவனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றிக் கவலையே இல்லை. சின்னவளைப் பற்றித்தான் கவலை. ஏழெட்டு மாதத்தில் பிள்ளைகள் வேற்று முகம் பார்க்கத் தொடங்குவார்கள். சிலருக்கு அது இரண்டு வயது வரைக்கும் போகும். ஒன்றே கால் வயது அதன் நடுவில் இருக்கிறது. அதிலும் உங்கள் வீட்டுக்கு அந்த வாரம் வரப்போகிற வேற்று முகம் இரண்டு. ஒன்று கேமராக்காரர். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவளுடைய அப்பா.

தினமும் வீடியோ காலில் பார்க்கிறாளே என்பீர்கள். பார்க்கிறாள்தான். அந்த அப்பா உங்கள் உள்ளங்கை அளவு இருக்கிறார். பேசி முடித்ததும் போய்விடுகிறார். தூக்கமாட்டார், முத்தம் கொடுக்கமாட்டார், மீசை குத்தாது. 9ஆம் தேதி வாசலில் வந்து நிற்பவர் ஆள் உயரம். வாசனை புதுசு, குரல் பெரிசு. ஒன்பது மாத ஏக்கத்தில் வந்த வேகத்திலேயே தூக்கவும் பார்ப்பார். அவள் உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குடும்பம் படம் எடுக்க என்னிடம் வந்தது. அப்பா துபாயிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தார். பதினாலு மாதப் பெண் குழந்தை. தேதி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, காலியாக இருந்த நாளைக் கொடுத்துவிட்டேன். அவர் தூக்கினால் அலறுகிறாள், சித்தப்பா தூக்கினால் சிரிக்கிறாள். நானும் கிலுகிலுப்பை ஆட்டினேன், பூனை மாதிரி கத்தினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நேரம் ஆகிறதே என்று சித்தப்பாவிடம் கொடுத்தே எல்லாப் படத்தையும் எடுத்து முடித்தேன். ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கேட்டார், "என்கிட்ட இருக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லையா சார்?" அன்றிலிருந்து தேதி கேட்டு யார் ஃபோன் செய்தாலும், வீட்டில் யாராவது வெளியூரிலிருந்து வருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் டைரியைத் திறப்பேன்.

ஆகவே 18ஆம் தேதி. அப்பாவும் மகளும் பழக ஒன்பது நாள் கிடைக்கும். பொங்கல், மாட்டுப் பொங்கல் சந்தடி முடிந்திருக்கும். மொட்டைக்கும் இரண்டு நாள் பாக்கி இருக்கும். 18ஆம் தேதி காலையில் சரிப்பட்டு வராவிட்டால் அன்று சாயங்காலம். இந்த மாற்று நேரத்தைப் படம் எடுப்பவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். 'இன்றைக்கு விட்டால் இல்லை' என்ற பதற்றம் பெரியவர்கள் முகத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்த ஒன்பது நாளில் செய்ய வேண்டியது எல்லாம் உங்கள் கணவருக்கான வேலை, இந்தப் பதிலை அவருக்கும் காட்டுங்கள். வந்ததும் தூக்கக் கூடாது. கஷ்டம்தான், தெரியும். தரையில் உட்காரட்டும், அவளை நேராகப் பார்க்காமல் பெரியவனோடு விளையாடட்டும். அண்ணன் யார் மடியில் ஏறுகிறான் என்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். அவளாக வந்து ஒரு பொம்மையை அவர் கையில் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்திலும் நடக்கலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதற்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பருப்புச் சாதம் ஊட்டுவது, குளித்ததும் துவட்டிவிடுவது, சாயங்காலம் மாட்டைக் காட்டக் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு மாறட்டும். இன்னொன்று: வீடியோ காலில் கண்ணாடி, மீசை, தாடி எப்படி இருந்ததோ அப்படியே வரச் சொல்லுங்கள். ஊருக்கு வருகிற சந்தோஷத்தில் மழமழவென்று மழித்துக்கொண்டு இறங்கினால், அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்த அந்த ஒரு அடையாளமும் போச்சு.

உடம்பு விஷயம் ஒன்று. சின்னவளுக்கு 16 மாதம் ஆனதும் பூஸ்டர் ஊசிகள் இருக்கின்றன. படத்துக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கக்கூடும் என்பதால், 18ஐ ஒட்டி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி நேரம். காலை 11 மணி யார் சொன்ன நேரம்? ஸ்டுடியோவுக்கு வசதியான நேரம் அது. பத்தரைக்குத் தூங்குகிற பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தூக்கம் கெட்ட குழந்தையை எந்த வித்தைக்காரனாலும் சிரிக்கவைக்க முடியாது. ஜனவரியில் உங்கள் பக்கம் சூரியன் எழ ஆறரை தாண்டிவிடும். கொஞ்சம் பனி இருக்கும், ஏழே கால் ஏழரைக்கு மஞ்சள் வெயில் சாய்வாக வந்து விழும். அது ஒன்பது மணி வரைக்கும் கண்ணைக் கூசாது. பிள்ளைகளும் எழுந்து, பால் குடித்து, இட்லி சாப்பிட்டு, நாளின் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் அதுதான். ஏழரைக்குத் தொடங்கி எட்டே முக்காலுக்குள் முடித்துவிடலாம். அவள் பத்தரைத் தூக்கத்துக்கு யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

ஸ்டுடியோவா, முக்கொம்பா, வீடா? வீடு. முக்கொம்பு அழகான இடம்தான், மரமும் தண்ணீருமாக. ஆனால் காணும் பொங்கலை ஒட்டி அங்கே கூட்டம் அலைமோதும். தவிர ஆற்றங்கரையில் நாலரை வயதுப் பையனின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே உங்களால் எப்படி நிம்மதியாகச் சிரிக்க முடியும்? ஸ்டுடியோவில் பெரியவனுக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. இருட்டு, ஏசிக் குளிர், பட்டென்று வெடிக்கும் விளக்கு, முன்பின் தெரியாத ஆட்கள் நாலு பேர். அவன் மறந்திருப்பான் என்று நினைக்காதீர்கள், வாசலில் கால் வைத்ததும் ஞாபகம் வந்துவிடும். ஊர் வீட்டிலோ திண்ணை அவனுடையது, தாத்தாவின் சாய்வு நாற்காலி அவனுடையது, கன்றுக்குட்டி அவனுடையது. வருகிற கேமராக்காரர்தான் விருந்தாளி. இருபது வருஷம் கழித்து அந்தத் திண்ணையும் மரத்தூணும் படத்தில் இருப்பது, ஸ்டுடியோவின் தெர்மாகோல் நிலாவைவிட உங்களுக்குப் பெரிதாகத் தோன்றும்.

வீட்டில் எடுப்பதென்றால் இடத்தை முந்தின நாளே அதே நேரத்தில் பார்த்து வையுங்கள். நம் ஊர் வீடுகளில் பெரிய வில்லன் சுவர்தான். கிளிப்பச்சை, ரோஸ் என்று அடித்து வைத்திருப்போம். அதன் பக்கத்தில் நின்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறிவிடும், பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் முழுக்கப் போகாது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரோ, மரக் கதவோ, செங்கல்லோ இருந்தால் அதுதான் இடம். வேப்ப மரத்தடி ஆசை காட்டும். ஆனால் இலை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழுந்தால் சிறுத்தைப்புலி மாதிரி இருக்கும். நிழல் மொத்தமாக விழும் இடமாகப் பாருங்கள், ஓட்டுத் தாழ்வாரத்தின் விளிம்பு சரியாக இருக்கும். கொடியில் காயும் துணி, பிளாஸ்டிக் குடம், வாசலில் நிற்கும் பைக், இவற்றை மட்டும் நகர்த்தினால் போதும். வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்து நீங்கள் களைத்துப்போக வேண்டாம்.

இப்போது பெரியவன். கண்ணாடி முன்னால் நிறுத்திச் சிரிக்கப் பழக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பல்லை மட்டும் காட்டுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாய் சொன்னபேச்சு கேட்கும், கண் கேட்காது. 1862ஆம் ஆண்டிலேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கண்ணைச் சுற்றியுள்ள தசை நாம் இழுத்த இழுப்புக்கு வராது, உள்ளே சந்தோஷம் இருந்தால்தான் அசையும் என்றார். அவன் இன்னும் ஒரு மாதம் இப்படிப் பழகினால், 18ஆம் தேதி கேமராவைத் தூக்கியதும் அந்தப் பல் தானாக வரும். பிறகு அதை அழிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும்.

'அசையாதே, இங்கே பார், சிரி' என்ற இந்த மூன்று கட்டளையும் எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் தொழிலின் பழைய குற்றம் அது. ஆரம்ப காலத்தில் ஒரு படம் பதிய பல நொடிகள் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழந்தைப் படங்கள் சிலவற்றை உற்றுப் பார்த்தால், பிள்ளை ஏதோ துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அது நாற்காலி இல்லை, பிள்ளை அசையாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மா. அவள் தலையோடு சேர்த்துத் துணியைப் போர்த்திவிடுவார்கள்! என் அப்பாவின் ஸ்டுடியோ காலத்தில் அந்த அளவு இல்லை. ஆனால் ஒரு சுருளில் 12 படம்தான் விழும். ஃபிலிம் காசு. ஒரு குழந்தைக்கு மூன்றுக்கு மேல் செலவழித்தால் அன்றைய வரும்படி போய்விடும். அதனால் அவர் குரல் உயரும். மரக் குதிரை, பிளாஸ்டிக் டெலிஃபோன், தாஜ்மகால் வரைந்த திரை, நடுவில் மிரண்டுபோன ஒரு பிள்ளை. இன்று எங்கள் கேமரா ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் பதிந்துவிடுகிறது, ஒரு காலையில் ஐந்நூறு அறுநூறு படம் எடுத்தாலும் செலவில்லை. ஓடுகிற பிள்ளையை ஓடும்போதே எடுக்கலாம். ஆனால் அந்தப் பழைய கட்டளை மட்டும் அம்மா, அப்பா, தாத்தா வாயில் அப்படியே தங்கிவிட்டது.

பெரியவனிடம் ஒரு மாதத்துக்கு முன்னால் இருந்தே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நாள் கணக்கு அவனுக்குப் புரியாது, ஏதோ பரீட்சை வருகிறது என்பது மட்டும் புரியும். முந்தின நாள் சாயங்காலம் சாதாரணமாகச் சொல்லுங்கள். "நாளைக்குக் காலையில ஒரு மாமா வருவாரு. பெரிய கேமரா வெச்சிருப்பாரு. நாம விளையாடறத அவரு எடுப்பாரு. அப்புறம் நாம டிபன் சாப்பிடலாம்." இவ்வளவுதான். 'நல்ல பிள்ளையா இருக்கணும்' என்று கடைசியில் ஒட்டுப்போட வேண்டாம். அதற்கு முந்தைய நாட்களில் வீட்டிலிருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்து அப்பா சின்னப் பையனாக இருந்த படத்தைக் காட்டுங்கள், தாத்தாவைக் கதை சொல்லச் சொல்லுங்கள். ஃபோனைக் கொடுத்து அவனையே உங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டியின் காலும் பாதி வாசலும்தான் விழும். பரவாயில்லை. கேமரா என்பது தன்னை நோக்கி நீட்டப்படுவது மட்டும் அல்ல, தானும் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நான் போகிற வீடுகளில் பழைய கேமரா ஒன்றைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அது வேலை செய்யாது, ஆனால் க்ளிக் சத்தம் மட்டும் வரும்.

மாமியாரிடமும் மாமனாரிடமும் பக்குவமாக ஒன்று சொல்லி வையுங்கள். "அழுதா ஃபோட்டோ மாமா ஊசி போட்டுருவாரு", "சேட்டை பண்ணா அந்த மாமா சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவாரு." இந்த வசனம் இல்லாத வீட்டுக்கு நான் போனதே கிடையாது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வாசலில் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே எனக்குப் பிள்ளை பிடிக்கிறவன் என்று பெயர் வந்துவிடுகிறது. லஞ்சமும் அப்படித்தான். "சிரிச்சா சாக்லேட்" என்று ஒரு முறை சொன்னால், அடுத்த சிரிப்புக்கு இரண்டு கேட்பான். நாலரை வயதில் பேரம் நன்றாக வரும். அதோடு சாக்லேட் பல்லில் அப்பும், கலர் மிட்டாய் நாக்கை நீலமாக்கும். இடையில் பசித்தால் வாழைப்பழமோ, கையோடு வைத்திருக்கும் இட்லித் துண்டோ போதும்.

உடைக்கு வருகிறேன். ஒரே நிறம் வேண்டாம். ஆறு பேரும் ஒரே மஞ்சளில் நின்றால் பேண்டு வாத்தியக் குழு மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நிறத்தைத் தேர்ந்துகொண்டு ஆளுக்கொன்றாக மாற்றிப் போடுங்கள். கருநீலம், சந்தனம், மாந்துளிர் நிறம் இப்படி. பளீர் என்று கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு வேண்டாம். சுவர் மாதிரியே அதுவும் முகவாயில் ஏறும். கணவருக்கு மிக நெருக்கமான சின்னக் கோடு போட்ட சட்டை வேண்டாம், படத்தில் அலை அலையாக நெளியும். நெஞ்சில் பொம்மையும் எழுத்தும் உள்ள டீ சர்ட் போட்டால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

சின்னவளுக்குப் பட்டுப் பாவாடை எடுத்திருப்பீர்கள், யூகிக்கிறேன். அழகுதான். ஆனால் சரிகை இடுப்பிலும் அக்குளிலும் உறுத்தும். பருத்திப் பாவாடை சட்டையில் தொடங்கி, கடைசிப் பத்து நிமிஷம் பட்டைப் போடுங்கள். பட்டினுள்ளே மெல்லிய பருத்தி உள்சட்டை கட்டாயம். பருத்தி எதுவானாலும் ஒரு முறை துவைத்து மொடமொடப்பு போன பிறகே போட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள். முன்னமே ஒரு நாள் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள், இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த உடை அவளுக்கு ஆகாது. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் பிடுங்கி வாயில் போடத்தான். கொலுசு மட்டும் போதும், அவளுக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம். முகத்துக்குப் பவுடர் அப்பாதீர்கள், சாம்பல் பூத்த மாதிரி விழும். கண்ணுக்கு மை வேண்டாமென்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் பாட்டி கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டை அழிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் எடுத்துவிடட்டுமா என்று கேட்கிற ஆட்கள் எங்களில் உண்டு. எதற்கு எடுக்க வேண்டும்? பாட்டியின் விரல் அது.

பிள்ளை அழுதால் கேமராவுக்குப் பின்னால் ஃபோனில் கார்ட்டூன் போட்டுக் காட்டுவது இப்போதைய வழக்கம். செய்யாதீர்கள். பார்வை கேமராப் பக்கம் திரும்பும், ஆனால் முகம் உறைந்துபோய்விடும். ஃபோனைத் திரும்ப வாங்கும்போது வரும் அழுகைக்கு மருந்தும் இல்லை. அந்த ஒன்றே கால் மணி நேரம் எல்லோருடைய ஃபோனும் உள்ளே அலமாரியில் இருக்கட்டும்.

படம் எடுப்பவர் வந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அவரிடம் முன்னமே பேசிக்கொள்ளுங்கள். அரை மணி முன்னதாக வரச் சொல்லுங்கள், கேமராவை வெளியே எடுக்காமல். காபி குடிக்கட்டும், மாமனாரோடு அறுவடை பற்றிப் பேசட்டும். பெரியவர்கள் ஒரு ஆளோடு சிரித்துப் பேசினால், அந்த ஆள் ஆபத்தில்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பாரா, தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து எடுப்பாரா என்று கேளுங்கள். நின்றுகொண்டே மேலிருந்து எடுப்பேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் படத்தை இன்ஸ்டாகிராமிலோ கடைப் பலகையிலோ போடக் கூடாது என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பிவிடுங்கள்.

ஆறு பேரும் சேர்ந்த படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும், பிள்ளைகள் களைப்பதற்கு முன்னால். தாத்தாவும் பாட்டியும் உட்காரட்டும், சின்னவள் உங்கள் கையிலோ, பழகிவிட்டால் அப்பா கையிலோ. இந்த இடத்தில்தான் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு விதி: நீங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிள்ளை அழுதாலும் குனிந்தாலும் மூக்கைத் துடைத்தாலும் நீங்கள் பார்வையை எடுக்கக் கூடாது. ஆயிரம் குடும்பப் படங்களில் நான் கண்டது இது. பிள்ளை ஒரே ஒரு நொடி அழகாகக் கேமராவைப் பார்த்திருக்கும், அந்த நொடியில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி நாலு பேரும் பிள்ளையைப் பார்த்து "அங்க பாரு, அங்க பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவைப்பது கேமராக்காரர் வேலை. அவர் கத்தினால் போதும். நாலு திசையிலிருந்து நாலு பேர் கூப்பிட்டால் அவள் எந்தப் பக்கம்தான் திரும்புவாள்?

அது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு விளையாட்டுதான். பெரியவன் அப்பாவுக்கு உப்பு மூட்டை ஏறட்டும். தூணுக்குப் பின்னால் கண்ணாமூச்சி. பாட்டி சின்னவளின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, 'நண்டூருது நரியூருது' என்று விரலை அக்குள் வரைக்கும் ஓட்டட்டும். நண்டு முழங்கையைத் தாண்டும்போதே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்து அவள் முகம் மலரும். நாங்கள் காத்திருப்பது அந்த அரை நொடிக்குத்தான். அண்ணனைத் தங்கையின் காதில் ஒரு ரகசியம் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். தாத்தா கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்கட்டும், இரண்டு பேரும் தானாகப் பின்னால் போவார்கள்.

நடுவில் அழுதால்? அழட்டும். திட்ட வேண்டாம், சமாதானத்துக்கு நாலு பேர் சூழவும் வேண்டாம். நீங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போங்கள், கோழியைக் காட்டுங்கள், பத்து நிமிஷம் கழித்து வாருங்கள். அதற்குள் மாமனாரும் மாமியாரும் தனியாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். அப்படி ஒன்று அவர்களிடம் இருக்குமா என்பதே சந்தேகம்தான். இரண்டு முறை இப்படிப் போய்வந்தும் அழுகை நிற்கவில்லை என்றால், கேமராவை மூடிவிட்டுச் சாயங்காலம் நாலரைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கும்வரை அப்போதும் வெளிச்சம் நன்றாகவே இருக்கும்.

மொட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒரு மாமா, கையில் ஏதோ கருவியோடு, முகத்துக்குக் கிட்டே வருகிறார். சின்னவளுக்கு மொட்டை போடுபவரும் காது குத்துபவரும் கேமராக்காரரும் ஒரே ஜாதிதான். அதனால் எங்கள் முறை முதலில் வருவது எங்களுக்கு நல்லது. காது ஆறுகிறவரை அவளைத் தோளில் சாய்த்துக்கொள்வதும் கஷ்டம்.

20ஆம் தேதி போகப்போகிற அந்தப் பிறந்த முடி பிடரியில் சுருண்டிருக்கும். 18ஆம் தேதி கடைசியில், களைத்துப்போய் அவள் அப்பாவின் தோளில் தலை சாய்க்கிற நேரம் பார்த்து, பின்பக்கமிருந்து கிட்டே போய் அதை ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அவள் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.